ஏடு கலையாத தயிர்

என் செல்ல மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது என் வழக்கம். இத்தனை வருஷமாக அந்த வரி தானாக வந்து விழும், இன்று கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். நீ இதை வேலைக்கு நடுவில் படிக்காதே. வீட்டுக்குப் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்து முழுவதையும் படி. எதிர்க்கடைத் தையல்காரர் இந்தத் தாள்களைத் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், என் எழுத்து அவருக்குப் புரியாது என்பது ஒரு வசதி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். கடையில் நின்றுகொண்டு இரண்டு தடவை உன் எண்ணை அழுத்தினேன், நீ ஹலோ அப்பா என்றதும் குளிர்பெட்டி ரிப்பேர் என்றும் மழை பெய்கிறது என்றும் எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். உனக்கே நினைவிருக்கும். இதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை அம்மா.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் போனில் கத்திக் கத்திச் சொன்ன நல்ல செய்தி நல்ல செய்தி இல்லை. அம்மாவுக்குத் தயிர் கொடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க, ரத்தமெல்லாம் சரியாகிப்போச்சு என்று சொன்னேன் அல்லவா, நீயும் அழுதுகொண்டே சிரித்துவிட்டு, அப்போ டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமாப்பா, புது வேலையில இப்பவே லீவு கேக்கக் கூச்சமா இருக்கு என்றாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி, மெதுவா வாம்மா, ஒண்ணும் அவசரம் இல்லை என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அவசரம்தான் பாப்பா. டாக்டர் தயிர் கொடுக்கலாம் என்று சொன்னதற்குக் காரணம் வேறு. எனக்கு அது அப்போது புரியவில்லை, பிறகு உன் அம்மாதான் புரியவைத்தாள். வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் இந்த முட்டாள் அப்பா எங்கே தடுக்கி விழுந்தான் என்று உனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ரத்தப் புற்று என்று சொன்ன நாளிலிருந்து நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முதல் சுற்று ஊசிமருந்து ஏறியதும் உடம்பில் இருந்த வெள்ளை அணுக்கள் எல்லாம் விழுந்து, காய்ச்சல் வந்து, அதற்கு ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். காய்ச்சல் போனது, போகிற போக்கில் வயிற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. நீதான் அங்கே எதையெதையோ படித்துவிட்டு, அந்த மருந்து கெட்ட கிருமியோடு குடலில் இருக்கிற நல்ல கிருமியையும் அழிச்சிடும்ப்பா, அதைத் திரும்ப உள்ளே விடணும் என்று சொல்லி ஒரு பார்சல் அனுப்பினாய். ஒரு புட்டி நிறைய ப்ரோபயாடிக் மாத்திரை, அது நல்ல கிருமி. ஒரு டப்பா நார்ச்சத்துத் தூள், ப்ரீபயாடிக் என்று எழுதியிருந்தது, அது அந்தக் கிருமிக்குச் சாப்பாடு. கிருமிக்குத் தனிச் சமையலா, இருக்கிறவங்களுக்கே இங்க ஒழுங்கா நடக்கலையே என்று நான் கேட்டதற்கு உன் அம்மா அவ்வளவு வலியிலும் சிரித்தாள். நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, மேஜை மேல் பிளாஸ்டிக் வாழைப்பழம், பிளாஸ்டிக் வெங்காயம், பிளாஸ்டிக் ரொட்டி எல்லாம் அடுக்கி வைத்திருப்பாள். நல்ல பெண், பொறுமைசாலி. புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, உங்க பொண்ணு நல்லதாத்தான் வாங்கியிருக்காங்க, ஆனா அம்மாவுக்கு இப்ப வேண்டாம் என்றாள். மற்றவர்கள் குடலில் இந்தக் கிருமி விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போகும், அம்மாவின் உடம்பில் இப்போது காவலுக்கு ஆள் இல்லை, குடல் புண்ணாக வேறு இருக்கிறது, அதன் வழியாக ரத்தத்தில் கலந்துவிட்டால் நல்லதே வினையாகிவிடும் என்று விளக்கினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தயிரும் கூடாதுங்க, அதுவும் உயிருள்ள கிருமிதான், வெள்ளை அணு ஏறுற வரைக்கும் வீட்டுத் தயிர், கடைத் தயிர் எதுவும் வேண்டாம் என்றாள்.

தயிர்க்கடைக்காரனிடம் சொல்லுகிற பேச்சா இது. தெருவே நம் வீட்டுத் தயிரில்தான் வயிற்றை ஆற்றிக்கொள்கிறது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நம் கடை, மருந்து சாப்பிட்டு வாய் கசக்கிறது என்றால் நம் கடை, எல்லாருக்கும் வயிறு குளிர ஊற்றிக் கொடுத்த கைக்கு ஒரு கரண்டி கிடையாது என்கிறார்கள். உன் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி, அப்போ அந்த மாத்திரையும் தூளும் நம்ம உறையும் பாலும் மாதிரி, அப்படித்தானே என்று கேட்டாள். ஆமாம்மா, அதேதான் என்று அந்தப் பெண் சொன்னாள். சரி, நாங்க காத்திருக்கோம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள், அவள் ஒரு தடவை சரி என்றால் அப்புறம் பேச்சே இல்லை. நீ ஒவ்வொரு தடவையும் போனில், மாத்திரை ஒழுங்கா உள்ளே போகுதாப்பா என்று கேட்பாய், தவறாம போகுதும்மா என்பேன். போனது என் வயிற்றுக்குள். நீ அனுப்பியதை வீணாக்க மனசு வரவில்லை, உன்னிடம் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, அதனால் நானே விழுங்கிக்கொண்டிருந்தேன். தூளையும் முதல் நாளே இரண்டு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு வயிறு உப்பி, பொத்தான் போட முடியாமல் கடையில் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்னு டப்பாவிலேயே படம் போட்டிருக்கே என்று உன் அம்மா கேலி செய்தாள். கோபித்துக்கொள்ளாதே.

அன்றைக்கே சித்தி வந்து உறைத்தயிரைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், நோயாளி இருக்கிற வீட்டில் எதுவும் புளிக்க வைக்க வேண்டாம் என்று. தினமும் ஒரு கிண்ணம் தன் வீட்டில் ஊற்றி அதைச் சாகாமல் காப்பாற்றி வந்தாள். நம் வீட்டு உள்ளறை காலியாகிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, அந்த அறையில் சட்டிகள் அடுக்கியிருந்தால் யாரும் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, தும்மினால்கூட வெளியே வந்துதான் தும்ம வேண்டும், பலகை ஆடினால் தயிர் நீர் விட்டுவிடும் என்று உன் அம்மா நம்மை ஆட்டிப்படைத்த அறை அது. நீ நடக்கப் பழகியதே அங்கே நுனிக்காலில்தான். இப்போது அந்த அறையில் நான் தொம் தொம் என்று நடக்கலாம், கேட்பார் இல்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எழுதத் தெரியவில்லை. வீட்டின் முன்பக்கக் கடையில் பால், வெண்ணெய், அப்புறம் கம்பெனிப் பாக்கெட் தயிர் வாங்கி வைத்து விற்றேன். அம்மாவுக்குத் தெரியாமல்தான் விற்றேன். பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற சத்தம் கேட்டு அவள் கட்டிலில் இருந்தே, யாருக்குங்க அந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டாள், நான் பிஸ்கட் என்றேன், அவள் நம்பினதாகக் காட்டிக்கொண்டாள். வாயெல்லாம் புண், எது வைத்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். ஆறிய கஞ்சியை நான் ஊட்டும்போது, இதுல ஒரு கரண்டி நம்ம தயிர் விட்டா எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கேட்டால் நான் தாங்க மாட்டேன் என்று தெரியும் அவளுக்கு.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். அந்த டாக்டரம்மாவை உனக்குத் தெரியும், வீடியோவில் ஒரு தடவை பேசினாயே, கண்ணாடி போட்டு மெதுவாகப் பேசுவார்களே, அவர்கள்தான். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு நிறையப் பேசினார்கள். நான் ஒன்று சொல்லட்டுமா, டாக்டர்கள் பேசும்போது எனக்குக் காதில் முக்கால்வாசி ஏறாது, உன் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எனக்குப் பழக்கம், அவள் கேட்டுக்கொண்டு வந்து எனக்குத் தமிழில் சொல்வாள். அன்று அவள் வெளியே இருந்தாள். கடைசியில் டாக்டர், இனிமே சாப்பாட்டுல எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம், அவங்களுக்கு என்ன ஆசையோ கொடுங்க என்றார்கள். தயிர்கூடவா டாக்டர் என்றேன். தயிரும் கொடுக்கலாம் என்றார்கள். அவ்வளவுதான், அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் என் காதை விட்டுப் பறந்துபோய்விட்டது. வெள்ளை அணு ஏறுகிற வரைக்கும் தயிர் கூடாது என்றால், தயிர் கொடுக்கலாம் என்றால் வெள்ளை அணு ஏறிவிட்டது, கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. ஒரு தயிர்க்காரன் மூளைக்கு வேறு எப்படித் தோன்றும் சொல். ரொம்ப நன்றி டாக்டர், ரொம்ப நன்றி என்று நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், நான் அதற்குள் கதவைத் திறந்துவிட்டேன்.

வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த உன் அம்மாவிடம், தயிர் சாப்பிடலாமாம், டாக்டரே சொல்லிட்டாங்க என்று சொன்னேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். அப்புறம் அப்படியா, நல்லதாப் போச்சுங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் வரும் வழியெல்லாம் அந்தக் கையை விடவில்லை. நான் தெருவுக்குள் நுழைந்ததுமே தையல்காரரிடம் சொன்னேன், பால் வாங்க வந்தவர்களிடம் சொன்னேன், உனக்குப் போன் போட்டுக் கத்தினேன், அப்புறம் சித்தி வீட்டுக்கு ஓடினேன். சித்தி, நானே ஊத்தித் தரேன் அத்தான் என்றாள், வேண்டவே வேண்டாம், என் கையால்தான் ஊற்றுவேன் என்று உறையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் கடையின் முன்பக்கம் நின்று அளந்து கொடுத்தவன் நான், பின்பக்கம் அவள் ராஜ்யம், ஒரு நாள்கூட நான் உறை ஊற்றியதில்லை. பாலைக் காய்ச்சினேன், அவசரம், ஆவி போகும் முன்பே உறையை விட்டுக் கலக்கி மூடிவிட்டேன். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது, நாற்றம் வேறு. கிண்ணத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், அத்தனையையும் சுட்டுக் கொன்னுட்டீங்களே, உயிருள்ளதைப் போடும்போது நம்ம விரல் பொறுக்கிற சூடுதான் இருக்கணும் என்றாள். சிரித்தாள், பாப்பா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னொரு தடவை சித்தியிடம் போய் வாங்கிவந்து, இந்த முறை பாத்திரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, அவளே சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆறட்டும், இன்னும் கொஞ்சம், ம், இப்ப விடுங்க என்று சொல்லச் சொல்ல ஊற்றினேன். சட்டியை உள்ளறைப் பலகையில் வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்து வெளியே வந்தேன்.

மறுநாள் தயிர் நன்றாக உறைந்திருந்தது. தலையணை வைத்து அவளைச் சாய்த்து உட்காரவைத்து முதல் கரண்டியை ஊட்டினேன். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் புளிப்பு வேணும், ஆனா தேவலை, மாப்பிள்ளைக்குப் பாஸ் மார்க் போடலாம் என்றாள். மூன்று கரண்டி சாப்பிட்டாள், அதற்கு மேல் முடியவில்லை. நான் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனேன், வெள்ளை அணு ஏறிடுச்சு, இனிமே பாரு, அடுத்த ஊசிக்குத் தெம்பா போகலாம் என்று. அப்போது அவள் கேட்டாள், அடுத்த ஊசி எப்போன்னு டாக்டர் சொன்னாங்களாங்க. ஊசி இனிமே வேண்டாம்னு சொன்னாங்க என்று என் வாயே சொல்லிற்று. சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டர் பேசிய முழுப் பேச்சும் அந்த நிமிஷம் திரும்பி வந்தது, மருந்து கேட்கவில்லை என்றது, உடம்பு இனித் தாங்காது என்றது, வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றது, எல்லாம். கரண்டி என் கையிலேயே இருந்தது. உனக்கு எப்பத் தெரியும் என்று கேட்டேன். நீங்க அந்தக் கதவைத் திறந்துகிட்டு வந்தப்பவே தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். அவ்வளவு சந்தோஷமா வந்தீங்க, உங்களை அப்படிப் பாத்து எவ்வளவு நாளாச்சு, கெடுக்க மனசு வரலைங்க என்றாள். இதை எழுதும்போது என்னால் தாளைப் பார்க்க முடியவில்லை. எனக்கு இனிமேல் என்ன கிடைத்தாலும் அது வேண்டாம் பாப்பா, அவள் இருந்தால் போதும், அதைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

மறுநாள் நான் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். அந்த டாக்டரம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அன்னைக்கே உங்களை நிறுத்திச் சொல்லியிருக்கணும், நீங்க சிரிச்ச சிரிப்புல எனக்கு வார்த்தை வரலை என்றார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. மாதக் கணக்கு சொல்ல முடியாது, வாரங்கள்தான் என்றார்கள். மகள் வெளியூர்ல இருக்காங்க இல்ல, வரச் சொல்லுங்க என்றார்கள். அதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

உன் அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. அவளிடம் கேட்டால், அவ நிம்மதியா வேலை பார்க்கட்டும், வந்து என்னை இப்படிப் பாத்துட்டு அவ வயித்தைக் கெடுத்துக்க வேண்டாம் என்கிறாள். படுத்திருக்கிற நேரத்திலும் உன் வயிறுதான் அவளுக்குக் கவலை. நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் காபியோடு ஓடுவது, மதியம் பெட்டியில் அடைத்ததைத் தின்பது, நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை, உப்புசத்துக்கு ஒரு மாத்திரை என்று முழுங்குவது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. நேற்று என்னை உட்காரவைத்து உனக்குச் சொல்லச் சொன்னாள். சளி பிடித்தால் உடனே பழைய சீட்டை வைத்து ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதே, டாக்டர் கொடுத்தால் மட்டும் சாப்பிடு, கொடுத்ததை முழுவதும் சாப்பிடு. தினமும் ஒரு கிண்ணம் தயிர், இனிப்பு கலந்தது வேண்டாம், சும்மா தயிர். வெங்காயம், பூண்டு, வாழைப்பழம், பயறு, ஓட்ஸ் இதெல்லாம் உள்ளே இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு, அவர்களைப் பட்டினி போடாதே, அதே நேரத்தில் உன் அப்பா மாதிரி ஒரே நாளில் கொட்டித் திணிக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, தண்ணீர் குடி. கொதிக்கிற சாப்பாட்டில் தயிரைக் கலக்காதே, எல்லாம் செத்துப்போகும். அந்தக் குளிரில் பால் உறைய மாட்டேன் என்கிறது என்றாயே, பாத்திரத்தைக் கம்பளிச் சட்டையில் சுற்றி, அணைத்து வைத்த ஓவன் அடுப்புக்குள் வைத்து, காலை வரைக்கும் தொடாதே, எட்டி எட்டிப் பார்க்கிற உன் புத்தியை மட்டும் அடக்கு என்றாள். இவ்வளவும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கியது, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். அவ நேர்ல வந்தா நீயே சொல்லலாமே என்றேன். பேசாமல் இருங்க என்றாள்.

ஆனால் பாப்பா, ஒன்று சொல்கிறேன், அதை வைத்து நீயே முடிவு செய்துகொள். உன் நீலக் கிண்ணம் ஞாபகம் இருக்கிறதா, விளிம்பில் ஓர் இடத்தில் சில்லு போனது. சின்ன வயதில் பெரிய சட்டியில் கரண்டி விட்ட தயிரை நீ தொட மாட்டாய், மேலே படிந்த ஏடு கலையாத தயிர்தான் வேண்டும், நான்தான் முதல்ல குத்துவேன் என்று அடம் பிடிப்பாய். அதற்காகத் தினமும் சட்டிகளில் ஊற்றுவதற்கு முன்னால் உன் கிண்ணத்தில்தான் அம்மா முதலில் உறை ஊற்றுவாள். நீ போன பிறகு அந்தக் கிண்ணம் பரணில் இருந்தது. எனக்கு விஷயம் புரிந்த அன்று மாலை, பால் ஆறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பரண் மேல இருக்கிற நீலக் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கொண்டாங்க என்றாள். எதுக்கு என்றேன். சும்மா என்றாள். முதலில் அதில் ஊற்றச் சொன்னாள், அப்புறம் தனக்கு. காலையில் இரண்டும் உறைந்திருந்தது. அவளுக்கு அவளுடையதில் இருந்து ஊட்டினேன். நீலக் கிண்ணத்தை அவள் பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைக்கச் சொன்னாள், யாரும் தொடக் கூடாது என்றாள். மாலை வரைக்கும் அது அப்படியே இருந்தது. மாலையில் அதையே குத்தி எடுத்து அன்றைய பாலுக்கு உறையாக விடச் சொன்னாள், கிண்ணத்தைக் கழுவி மறுபடி முதலில் அதிலேயே ஊற்றச் சொன்னாள். அன்றிலிருந்து தினமும் இதுதான் நடக்கிறது. வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் அவள் பார்வை கதவுக்குப் போகிறது, அப்புறம் கிண்ணத்துக்கு வருகிறது. வர வேண்டாம் என்று வாய்தான் சொல்கிறது.

அதனால் கூச்சத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு லீவு கேள். கொடுக்கவில்லை என்றால் கேட்காமலே வா. வேலை போனால் போகட்டும், கடை இருக்கிறது, அப்பா இருக்கிறேன். அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கரண்டி என்பது இப்போது ஒரு கரண்டியாகிவிட்டது. வரும்போது மாத்திரையோ தூளோ எதுவும் வாங்கி வராதே, இருக்கிற புட்டியையே நான் இன்னும் முடிக்கவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா கேட்டால் நானாகவே வந்தேன் என்று சொல்லிவிடு, இந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல். உள்ளே வரும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டு மெதுவாக நடந்து வா, அறையில் சட்டி இருக்கிறது. அவள் முன்னால் அழாதே என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அழ வேண்டும் என்றால் அழு, நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.

நீ எங்கே இருந்தாலும் மனசும் வயிறும் குளிர நன்றாக இருக்க வேண்டும், அதற்குக் குறைவில்லாமல் இந்த இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு உண்டு. டிக்கெட் எடுத்ததும் தையல்காரர் போனுக்கு ஒரு வார்த்தை அனுப்பு, அவர் எனக்குக் கை காட்டுவார். இன்றைக்குப் பால் காய்ச்சி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அவள் கூப்பிடுகிறாள், பால் ஆறிடுச்சுங்க, கிண்ணத்தைக் கொண்டாங்க, அவளுக்கு முதல்ல ஊத்திடலாம் என்கிறாள்.

போகிறேன்,
உன் அப்பா